வராத கப்பலின் வெங்காயம்

வெங்காயத்தைப் பாக்குக் கொட்டகையில் பழைய சாக்குகளுக்கு அடியில் தள்ளினேன். மேலே ஓர் உடைந்த கூடையைக் கவிழ்த்தேன். கப்பல் வரவில்லை என்று சொல்லப் போகிறவன் வெங்காயத்தோடு வீட்டுக்குள் நுழைய முடியாது. நாங்கள் குடியேறிய கேம்பல் பே என்கிற தீவு ஊரில் வெங்காயம் விளையாது. கப்பலில்தான் வரும். ஒரு மாதமாக வெங்காயத்தின் வாசனையே இல்லாத ஊர். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் மூட்டையை அவிழ்த்ததும் என் கை தானாக நீண்டுவிட்டது, ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்தும் பார்த்தேன். நான் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவன். திட்டம் போடத் தெரியும். அதில் ஓட்டை விடவும் தெரியும்.

"வந்துட்டீங்களா? கப்பல் என்னாச்சு?" ஜெயமணி உள்ளேயிருந்து கேட்டாள்.

"வரலை. கடல் சரியில்லையாம். நன்கவுரித் தீவோட திரும்பிட்டுதாம்."

"காத்தே இல்லையே."

"இங்க இல்ல. அங்க இருக்கு."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம், முறத்தில் அரிசி. கை அரிசியில் கிடந்தது, அசையவில்லை. முகம் பலமுறை துவைத்த துணியைப்போல வெளுத்திருந்தது. என் கைகளைப் பார்த்தாள். நான் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"போன தடவை இடமில்லேன்னீங்க."

"அது ஆபீசருங்க ஏறிட்டாங்க. சர்க்கார் கப்பல்லா, அவங்களுக்குத்தான் முதல் இடம்."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சர்தார் வீட்டம்மா குல்வந்த் கவுர் குரல் கொடுத்தாள். "பாயி சாப்! ஜஹாஜ் ஆ கயா! ப்யாஜ் லியா?" கப்பல் வந்துவிட்டதாம். வெங்காயம் வாங்கினேனா என்று கேட்கிறாள். நான் பலமாக இருமினேன்.

"என்ன சொல்லுதா?" என்றாள் ஜெயமணி. அவளுக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"கப்பல் எப்ப வரும்னு கேக்கா."

"ஓ" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

என்னை அவசரப்பட்டுத் திட்ட வேண்டாம். நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மாதத்தில் பாதி நாள் அவளுக்கு உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், கப்பலேறிப் போர்ட் பிளேர் போனால்தான் முடியும், தள்ளிப்போடக் கூடாது என்று இங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டார். வங்காளிப் பையன். மீசைகூட முழுதாக வரவில்லை. அந்த வயதில் என்னைத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட மட்டும்தான் விட்டார்கள். இவனோ போகிற போக்கில் என் மனைவியின் வயிற்றைத் திறக்கச் சொல்கிறான்.

நான் அறுபத்தைந்து யுத்தத்தில் பஞ்சாப் எல்லையில் பதுங்குகுழிக்குள் கிடந்தவன். தலைக்கு மேல் குண்டு போகும்போது சப்பாத்தி தின்றிருக்கிறேன். ஆனால் மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த மனுஷி எழுந்திருக்காமலே போய்விட்டால்? பிள்ளைகள் இருவரும் நாகர்கோவிலில் என் அக்கா வீட்டில் படிக்கிறார்கள். காட்டை அழித்து சர்க்கார் கொடுத்த இந்த நிலத்தில் ஜெயமணியும் நானும்தான். அவள் இல்லாத வீட்டுக்குள் நான் எந்த வாசல் வழியாக நுழைவேன்?

ஆகவே ஒரு தீர்மானம் செய்தேன். கத்தி படாமலே அவளைக் குணப்படுத்துவது. வாழைப்பூவை இடித்துச் சாறு எடுத்தேன். செம்பருத்தியை மோரில் கலக்கினேன். காலையிலும் மாலையிலும் டம்ளரோடு எதிரில் நின்றேன்.

"உங்க மருந்துல வாய்தான் துவர்க்குது" என்றாள்.

"வாயில ஆரம்பிச்சு மெதுவா கீழ இறங்கும்."

"அது இறங்குறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்."

"நல்ல வார்த்தை பேசு."

மறுநாள் மத்தியானம் குழம்பில் வெங்காயம் கிடந்தது. ஒளிவு மறைவு இல்லாமல் பெரிய பெரிய துண்டாக.

"குழம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"வேண்டாம்."

கொட்டகையில் எதையோ தேடப் போனவள் கண்ணில் அது பட்டிருக்கும். போன கப்பலில் வந்தது என்று நினைத்திருப்பாள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெங்காயத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் அதைத் தினமும் சமைத்தாள். நான் தினமும் தின்றேன்.

வெங்காயம் தீர்ந்த வாரத்தில் ஒரு காலை, கிணற்றடியில் வாளி கீழே விழும் சத்தம் கேட்டது. வாளி விழுந்தால் அவள் திட்டுவாள். வாளியை, கயிற்றை, கயிறு வாங்கிய என்னை. அன்று திட்டு வரவில்லை. ஓடினேன். கிணற்றடிக் கல்லில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள், ஆனால் நான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. சேலையிலிருந்து ஈரம் கல்லில் இறங்கிக்கொண்டிருந்தது. அது தண்ணீர் இல்லை.

குல்வந்த் கவுர் வேலியைச் சுற்றி வரவில்லை. வேலியை மிதித்துக்கொண்டு வந்தாள். அவளும் நானும் சேர்ந்து ஜெயமணியை அவர்கள் மாட்டு வண்டியில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் அந்த மீசையில்லாத டாக்டர் என்னைப் பார்த்து இந்தியில் கத்தினார். நான் அட்டென்ஷனில் நின்று கேட்டுக்கொண்டேன். ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தினார். அடுத்த கப்பலில் அனுப்பாவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன் என்றார். அடுத்த கப்பலில் இடம் இருந்தது. எப்போதும் இருந்தது.

கப்பலில் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தேன். பயப்படாதே, பயப்படாதே என்று நன்கவுரி வரை சொன்னேன். கார் நிக்கோபாரில் அவள் சொன்னாள்: "நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க. உதடு காஞ்சு போச்சு."

போர்ட் பிளேரில் லம்பா லைன் பகுதியில் ராஜமாணிக்கம் வீடு. என்னோடு அதே ரெஜிமெண்டில் இருந்தவன், இப்போது மராமத்து இலாகாவில் மேஸ்திரி. அவன் மனைவி சந்திரமதி எங்களைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டு ஜெயமணியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆப்பரேஷனுக்கான கையெழுத்துகளை அன்றைக்கே என்னிடம் வாங்கிவிட்டார்கள். அது ஜெயமணியின் யோசனை என்று பிறகு தெரிந்தது.

முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். என் ரத்தம் சேரவில்லை, ராஜமாணிக்கத்தின் ரத்தம் சேர்ந்தது. அவன் படுத்துக்கொண்டு கையை நீட்டினான். ஊசி அவன் கையில்தான் இறங்கியது. மயங்கி விழுந்தது நான்.

கண் விழித்தபோது ராஜமாணிக்கம் எனக்கு விசிறிக்கொண்டிருந்தான். ரத்தம் கொடுத்தவனுக்குத் தரும் பாலை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத பெண்மணி.

"கத்தி எத்தனை இஞ்சு இருக்கும் டாக்டர்?" என்று கேட்டேன்.

படுக்கையிலிருந்து ஜெயமணியின் கால் நீண்டு என்னை உதைத்தது.

"வயிறு எவ்வளவு நேரம் திறந்திருக்கும்? நடுவுல கரண்ட் போச்சுன்னா? இதுவரைக்கும் யாராச்சும் முழிக்காம..."

"மிஸ்டர் தங்கையா" என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் வெளியே நில்லுங்க."

வெளியே நின்றேன். சும்மா நிற்கவில்லை. தோட்டி, சமையல்காரன், சலவைக்காரன் என்று ஒருவர் விடாமல் விசாரித்தேன். கிடைத்த கதைகளை எல்லாம் கொண்டுபோய் ஜெயமணியின் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பக்கத்துப் படுக்கையில் குடலிறக்க ஆப்பரேஷனுக்காகக் காத்திருந்த பெண் அவள் கணவனைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள். மறுநாள் அந்தப் படுக்கை காலி.

அன்று சாயங்காலம் நான் போனபோது டாக்டரம்மா ஜெயமணியின் கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். டாக்டரம்மா எழுந்து போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"ஆப்பரேஷன் தள்ளிப்போகுதாம்."

என் நெஞ்சுக்குள் ஒரு கதவு திறந்தது. "ஏன்?"

"மயக்க மருந்து தீந்துட்டாம். மெயின்லேண்டு கப்பல்ல வருதாம். வந்தாத்தான்."

நான் மறுகேள்வி கேட்கவில்லை. இந்தத் தீவுகளில் யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் இல்லையா, கப்பலில் வருகிறது. வாத்தியார் இல்லையா, அவரும் கப்பலில் வருகிறார். மிளகாய், மண்ணெண்ணெய், சம்பளம், மாப்பிள்ளை, தீர்ப்புச் சொல்ல நீதிபதி எல்லாம் கப்பலில் வந்துகொண்டே இருக்கும். கப்பல் என்று சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்ள ஆளில்லை. கடலையா கோபித்துக்கொள்வது?

"நீங்க போய் ஜெட்டில விசாரிங்க" என்றாள். "நீங்க பாத்து வாங்கிட்டு வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை. வழியில மாத்திருவாங்க."

அதிலும் நியாயம் இருந்தது.

அதன் பிறகு ஹாடோ ஜெட்டிதான் என் வீடு. காலையில் போய் நிற்பேன். கப்பல் எங்கே என்று கேட்பேன். மெட்ராஸில் கிளம்பவில்லை என்பார்கள். கிளம்பிவிட்டது என்பார்கள். நடுக்கடலில் மெதுவாக வருகிறது என்பார்கள். வரக் கூடாதே என்று ஒரு மனது வேண்டிக்கொள்ளும். கிணற்றடிக் கல் ஞாபகம் வரும். உடனே சீக்கிரம் வரட்டும் என்று இன்னொரு மனது வேண்டிக்கொள்ளும். சாமி குழம்பியிருக்கும்.

கடைசியில் கப்பல் வந்தது. ஊரே ஜெட்டியில் கூடிவிட்டது. ஏணி இறங்குவதற்குள் நான் முன்னால் போய் நின்றேன். சரக்குப் பார்க்கிற அதிகாரி ஒரு தூத்துக்குடிக்காரர்.

"சார், மயக்க மருந்துப் பெட்டி எது?"

"அதுக்கு மருந்து எதுக்குவே? இந்தக் கப்பல்ல ஒரு தடவை வந்து பாரும்."

"விளையாடாதீங்க சார். ஆஸ்பத்திரிக்கு. என் வீட்டுக்காரிக்கு ஆப்பரேஷன்."

அவர் முகம் மாறிவிட்டது. சரக்குகளுக்கு நடுவே கையைக் காட்டினார். ஆஸ்பத்திரிப் பெயர் எழுதிய மரப்பெட்டி ஒன்று இருந்தது. பெரிய பெட்டி. இவ்வளவு மயக்கமா என்று அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கூலிகள் தொடுவதற்கு முன் நான் தொட்டேன். "கண்ணாடிச் சாமான், மெள்ள, மெள்ள" என்று கத்தினேன். லாரியின் பின்னால் ஏறி, பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகைக் கொடுத்தேன், பெட்டியைக் கொடுக்கவில்லை.

ஸ்டோர் பாபு நிதானமாக ஆணிகளைப் பிடுங்கினார். வைக்கோலை விலக்கினார். உள்ளே வெள்ளை வெளேரென்று எனாமல் பாத்திரங்கள். படுக்கையில் இருப்பவர்கள் மலஜலம் கழிக்க வைக்கிற பாத்திரங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"மயக்க மருந்து?"

"அது நிறைய இருக்கே. போன மாசமே வந்துட்டுது" என்றார் பாபு.

வார்டுக்கு ஓடினேன்.

ஜெயமணியின் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை உருவி எடுத்திருந்தார்கள். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அலமாரியின் மேல் அவள் தாலிச் சங்கிலி வைக்கிற டப்பா இல்லை. செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் ஜோடியாகக் கிடந்தது.

எதிர்ப் படுக்கையிலிருந்த வங்காளிக் கிழவியிடம் கையால் கேட்டேன்.

"லே கயே" என்றாள் கிழவி. கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கே என்று கேட்க எனக்கு இந்தி வரவில்லை. தமிழும் வரவில்லை. கம்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. இடது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு போட்டிருந்தாள். புதுச் செருப்பு வாங்கித் தா என்று அவள் கேட்டதற்கும் நான் ஏதோ கப்பலைத்தான் சொல்லியிருந்தேன்.

"அண்ணாச்சி, அதை வச்சிக்கிட்டு என்ன செய்யுதீங்க?"

சந்திரமதி பிளாஸ்கோடு நின்றாள். அவள் கழுத்தில் ஜெயமணியின் சங்கிலி. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டு. அந்தக் கோடி ரூம்ல கிடக்கா. முழிச்சிட்டா. கண்ணைத் தொறந்ததும் கப்பல் வந்துட்டான்னுதான் கேட்டா."

அந்த அறை வாசலில் டாக்டரம்மா இருந்தார். நல்ல தேங்காய் அளவுக்குக் கட்டி இருந்தது என்றார். இனிப் பயமில்லை என்றார். பிறகு, குரலை உயர்த்தாமலே, "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு ஆபத்து இருந்திருக்காது" என்றார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெயமணி வாய் உலர்ந்து படுத்திருந்தாள்.

"ஏட்டி, என்னை ஏமாத்திட்டியே."

"ஆப்பரேஷன் எனக்கு. மயக்கம் உங்களுக்கு" என்றாள், நிறுத்தி நிறுத்தி. "அந்தம்மா ஒருத்தி, ரெண்டு பேரை எப்படிப் பாப்பாங்க?"

"நான் பெட்டியை லாரில கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன் தெரியுமா?"

"என்ன பெட்டி?"

சொன்னேன். லாரியைச் சொன்னேன், பள்ளத்தைச் சொன்னேன். வைக்கோலை விலக்கிய இடத்துக்கு வந்ததும் அவள் முகம் கோணியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பா வலியா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் ஓடிவந்து, மடித்த போர்வை ஒன்றை அவள் வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொள்ளச் சொன்னாள். இருமினாலும் சிரித்தாலும் இப்படித்தான் பிடிக்க வேண்டுமாம். பிறகு என்னை வெளியே அனுப்பினாள்.

தையல் ஆறும் வரை என் மனைவி சிரிக்கக் கூடாது என்பது உத்தரவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாதுகாப்பு அது. லம்பா லைன் வீட்டில் நான் மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டேன். குடத்தை அவள் தூக்கக் கூடாது, நான் தூக்கினேன். அவள் குனியக் கூடாது, நான் குனிந்து பெருக்கினேன். தெருக்குழாயில் பெண்களோடு வரிசையில் நின்று அவள் சேலையைத் துவைத்தேன். ராஜமாணிக்கம் வாசலில் நின்று, "ஹவில்தார் சாப், லெஃப்ட் ரைட்" என்றான். நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கொடியில் சேலையை மூலைக்கு மூலை பிடித்து, சுருக்கமில்லாமல், கொடியேற்றுவதுபோலப் போட்டேன்.

உள்ளேயிருந்து ஜெயமணி கூவினாள். "சந்திரமதி, அவங்களை அந்தப் பக்கம் போகச் சொல்லு! தையல் போயிரும்!"

நான் எதையும் செய்யவில்லை. கண்ணியமாக இருந்தேன். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

தையல் பிரித்தார்கள். முகத்தில் மெல்ல நிறம் ஏறியது. ஊருக்குப் போகலாம், கனம் மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குக் கடலை நினைத்தால் பயமாக இருந்தது. அலையில் கப்பல் ஆடும். உள்ளே தையல் என்னவாகும்?

"இந்தக் கப்பல்ல இடம் இருக்காது" என்று ஆரம்பித்தேன்.

"ராஜமாணிக்கம் அண்ணன் டிக்கெட் எடுத்துட்டாங்க" என்றாள். "எனக்குப் படுக்கக் கீழ் பங்க். உங்களுக்கு மேல."

கார் நிக்கோபாரைத் தாண்டிய மத்தியானம். கடல் அமைதியாக இருந்தது. அவள் கீழ் பங்கில் மல்லாந்து படுத்திருந்தாள். நான் மேலே ஏறவில்லை. அவள் காலடியில் என் பழைய ராணுவப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன்.

"நான் கப்பல் வரலேன்னு சொன்னப்ப... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே ஏன் சும்மா இருந்தே?"

அவள் மேல் பங்கின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மட்டும் வயித்தைக் கிழிச்சுக்க ஆசையா? நீங்க வரலேன்னு சொல்லும்போது, இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு நிம்மதியா இருந்துது."

கப்பலின் எஞ்சின் பலகை வழியாக எங்கள் இருவரையும் ஒரே மாதிரி அதிரவைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க."

"சொல்லு."

"இனிமே கப்பல் வரலேன்னு சொல்லுறதா இருந்தா, முதல்ல மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க. கப்பல்ல வந்த வெங்காயத்தோட தோலு உங்க மீசையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. நான் மடியிலிருந்த போர்வையை நான்காக மடித்து, அவள் கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்தேன்.